ரயில் எங்கே திரும்ப வேண்டும்? லண்டன் எலிசபெத் லைனின் கடைசி ஸ்டேஷன்கள்: ஓர் ஒப்பீடு

நகரத்தைக் குறுக்கே கடக்கும் புதிய ரயில் பாதை அறிவிக்கப்பட்டதும், எந்தத் தெருவுக்கு அடியில் போகிறது என்பதைவிட எங்கே முடிகிறது என்பதில்தான் சண்டை பலமாக வரும். "இன்னும் பத்து கிலோமீட்டர் நீட்டினால் எங்க ஊர் வந்துடுமே" என்று ஒரு தரப்பு. "ஊருக்குள்ள ஓட்டவே காசில்லை, வெளியே எதுக்கு" என்று மறு தரப்பு. எந்தப் பக்கம் நிற்பது என்று வாசகர்கள் கேட்கும்போது, ஊர்ப் பற்றை ஒதுக்கிவைத்துப் பார்க்க ஒரு நல்ல உதாரணம் வேண்டும். எனக்குத் தெரிந்து லண்டனின் எலிசபெத் லைனைவிடப் பொருத்தமானது இல்லை. நகர விளிம்பு, விமான நிலையம், சின்ன ஊர், பெரிய ஜங்ஷன், புறநகர் என்று கடைசி ஸ்டேஷனில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் ஒரே பாதையில் இருக்கின்றன. கட்டாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது; அதன் மேல் இன்னும் வாதம் ஓடுகிறது.

பின்னணி சுருக்கமாக. கிராஸ்ரெயில் என்ற பெயரில் 2005 பிப்ரவரியில் மசோதா வந்தது, 2008 ஜூலையில் சட்டமானது. சட்டத்தில் நான்கு முனைகள்: மேற்கே மெய்டன்ஹெட், ஹீத்ரோ; கிழக்கே ஷென்ஃபீல்ட், அபி வுட். நகரத்துக்கு அடியில் 21 கிலோமீட்டருக்கு இரட்டைச் சுரங்கம். 2014 மார்ச்சில் மேற்கு முனை மெய்டன்ஹெட்டிலிருந்து ரெடிங்குக்கு நீண்டது. 2018 டிசம்பரில் திறந்திருக்க வேண்டிய சுரங்கப் பகுதி 2022 மே 24 அன்று திறந்தது. முழு அட்டவணை 2023 மே மாதம். 2010-ல் 1,480 கோடி பவுண்டு என்று இருந்த கணக்கு 1,900 கோடியை நெருங்கி நின்றது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், ரயில் அங்கே எப்படித் திரும்புகிறது என்பது. வரைபடம் பார்ப்பவர்கள் கடைசி ஸ்டேஷனை ஒரு ஊராகப் பார்க்கிறார்கள். ரயில் ஓட்டுபவர்களுக்கு அது இரண்டு பிளாட்ஃபார்ம், நாலைந்து பாயின்ட் (ரயில் தண்டவாளம் மாறும் இடம்), ஒரு கடிகாரம். மணிக்கு 12 ரயில் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. இரண்டே பிளாட்ஃபார்ம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில். உள்ளே வர, வெளியே போக, எதிர் ரயிலுக்கு வழிவிட மூன்று நிமிடம் கழித்தால் மிச்சம் ஏழு. அதற்குள் பயணிகள் இறங்க வேண்டும், ஏற வேண்டும். ஓட்டுநர் இருநூறு மீட்டர் நீள ரயிலின் மறு முனைக்கு நடந்து போக வேண்டும். வரும் ரயில் நாலு நிமிடம் தாமதம் என்றால் மிச்சமிருப்பது மூன்று. அந்தத் தாமதம் திரும்பி நகரத்துக்குள் போகும்.

இரண்டாவது, கடைசிப் பகுதியின் தண்டவாளம் யாருடையது. நான் இதற்குத்தான் அதிக மதிப்பெண் வைப்பேன். நடுச் சுரங்கத்தில் நெரிசல் நேரத்தில் மணிக்கு 24 ரயில், அதாவது இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. வெளியே சரக்கு ரயிலோடும் வேறு கம்பெனி ரயிலோடும் பாதையைப் பகிர்ந்துகொண்டு வரும் ரயில், சுரங்க வாயிலில் தன் இரண்டரை நிமிடத் துண்டைப் பிடித்தாக வேண்டும். நீட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் அதைத் தவறவிட ஒரு புதிய காரணம்.

மூன்றாவது, கடைசி ஸ்டேஷன்காரருக்கு நகரத்துக்குப் போக வேறு வேகமான ரயில் இருக்கிறதா? இருந்தால் அவர் இதில் ஏற மாட்டார். அப்போது நீட்டிப்பை அவர் பெயரைச் சொல்லி நியாயப்படுத்தக் கூடாது.

நான்காவது ரேக் கணக்கு; ரேக் என்றால் பெட்டிகள் சேர்ந்த ஒரு முழு ரயில். இது எளிது, ஆனால் பொதுக்கூட்டங்களில் யாரும் போட்டுக் காட்டுவதில்லை. போக வரக் கூடுதலாகும் நிமிடங்களை இரண்டு ரயிலுக்கு இடையிலான நிமிடங்களால் வகுத்தால் கூடுதலாக வாங்க வேண்டிய ரேக் எண்ணிக்கை வரும். 2024 ஜூனில் இந்தப் பாதைக்குக் கூடுதலாகப் பத்து ரேக் வாங்கப் போட்ட ஒப்பந்தம், பராமரிப்பையும் சேர்த்து, 37 கோடி பவுண்டு.

பிறகு வழக்கமான கேள்வி: யார் கட்டுகிறார்கள், யார் பயன்படுத்துகிறார்கள். லண்டனின் பெரிய வணிகக் கட்டடங்கள் 2010 ஏப்ரல் முதல் மதிப்பில் ஒரு பவுண்டுக்கு 2 பென்ஸ் கூடுதல் வரி கட்டி இந்தப் பாதைக்குக் காசு கொடுக்கின்றன. ரெடிங் லண்டனில் இல்லை. கிழக்கே கட்டாமல் விட்ட முனையான எப்ஸ்ஃப்ளீட்டும் இல்லை.

## மேற்கு முனை

### பேடிங்டன்: நகர விளிம்பிலேயே திருப்பிவிடுவது

பலருக்குத் தெரியாத விஷயம், நெரிசல் நேரத்தில் சுரங்கத்தில் ஓடும் ரயில்களில் ஏறத்தாழ பாதி பேடிங்டனைத் தாண்டிப் பயணிகளோடு போவதில்லை. பேடிங்டனில் எல்லாரையும் இறக்கிவிட்டு, சற்று மேற்கே வெஸ்ட்போர்ன் பார்க் சைடிங்கில் (ரயில் ஒதுங்கி நிற்கும் பக்கத் தண்டவாளம்) திரும்பி வருகின்றன. ஓட்டுநர் ரயிலுக்குள்ளேயே மறு முனைக்கு நடந்துகொண்டிருக்க, ரயில் தானாகவே சைடிங்குக்குள் போய்த் திரும்பும் வசதியை இதற்கென்றே வடிவமைத்தார்கள். மேலே சொன்ன ஏழு நிமிடக் கணக்கைச் சமாளிக்க இதைவிடச் சுத்தமான வழி இல்லை.

அளவுகோல்களின்படி பேடிங்டன் நூற்றுக்கு நூறு வாங்கும்: சொந்தப் பாதை, சொந்த சிக்னல், குறைந்த ரேக். குறை, மேற்கிலிருந்து வருபவர் எல்லாரும் இறங்கி மாற வேண்டும். குறுக்கே போகும் ரயில் பாதை எதற்காகக் கட்டப்பட்டதோ அது பாதி போய்விடும். இன்னொன்று, அடுத்த திட்டம் வந்து உங்கள் விளிம்பை நகர்த்திவிடும். ஹெச்எஸ்2 அதிவேக ரயில் ஊருக்குள் இருக்கும் யூஸ்டன் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும் வரை, பேடிங்டனுக்கு மேற்கே ஓல்ட் ஓக் காமனில் நிற்கப் போகிறது. அங்கே இறங்கும் கூட்டத்தை ஊருக்குள் கொண்டுவரப் போவது எலிசபெத் லைன்தான். அந்தப் பத்து ரேக் அதற்காகவே. அடுத்தவன் ரயில் எங்கே முடிகிறது என்பதற்கு உங்கள் கஜானாவிலிருந்து பணம் போகிறது!

### ஹீத்ரோ: ஒரே காரணத்துக்காக ஒரு முனை

விமான நிலையம் கடைசி ஸ்டேஷனாக இருந்தால் காலையிலும் மாலையிலும் இரண்டு திசையிலும் ஆள் இருப்பார்கள். பயணிகள் மட்டுமல்ல, அங்கே வேலை பார்ப்பவர்களும். சவுத்ஹால், ஹேஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இது சம்பளத்துக்குப் போகும் ரயில்.

ஆனால் மறைமுகச் செலவு கொஞ்சநஞ்சம் அல்ல. 1998-ல் விமான நிலையம் தன் பணத்தில் போட்ட கிளைப் பாதை அது. எலிசபெத் லைன் ரயில்கள் அந்தப் பழைய கட்டுமானச் செலவிலும் பங்கு தர வேண்டும் என்று விமான நிலையம் கேட்டது. ஒழுங்குமுறை அமைப்பு 2016-ல் மறுத்தது. உயர் நீதிமன்றம் 2017-ல் அந்த மறுப்பை உறுதி செய்தது. ரயில் கம்பெனி வென்றது என்பது உண்மை. ஆனால் கடைசிச் சில கிலோமீட்டருக்கு வழக்கு நடத்த வேண்டியிருந்ததே, அது எந்தத் திட்ட அறிக்கையிலும் செலவாகக் காட்டப்படாது. அடுத்தது சிக்னல். நடுச் சுரங்கத்தில் ஒரு முறை, ஹீத்ரோ பக்கம் இன்னொன்று, கிழக்கே பழைய முறை. மூன்றையும் ஒரே ரயில் பேச வேண்டும். புதிய ரயில்கள் ஹீத்ரோ சுரங்கத்துக்குள் 2020 ஜூலையில்தான் நுழைந்தன; அதுவரை பழைய ரயில்களை ஓட்டிச் சமாளித்தார்கள். கொரோனாவில் நான்காம் டெர்மினல் மூடியபோது அந்த முனை 2022 ஜூன் வரை செத்துக் கிடந்தது.

### மெய்டன்ஹெட்: காசுக்கு ஏற்ற நிறுத்தம்

2003 திட்டத்தில் மெய்டன்ஹெட்டுக்குப் பதிலாக ரிச்மண்ட் வழியாகக் கிங்ஸ்டனுக்கு ஒரு கிளை இருந்தது. உள்ளூரில் கடும் எதிர்ப்பு. அடுத்த ஆண்டே அதை விட்டுவிட்டு மெய்டன்ஹெட்டைப் பிடித்தார்கள்.

ஏன் அங்கே நிறுத்தினார்கள் என்று கேட்டு அன்றைக்கு நிறைய கேலி நடந்தது. பேடிங்டனிலிருந்து ஏறத்தாழ 39 கிலோமீட்டர் வந்துவிட்டு, இன்னும் 19 கிலோமீட்டரில் ரெடிங் மாதிரி ஒரு ஜங்ஷன் இருக்கும்போது சின்ன ஊரில் நிற்பானேன்? பதில் ஒயரில் இருந்தது. அப்போது மின்சாரம் ஹீத்ரோ பிரிவு வரைதான் இருந்தது. அதற்கு மேல் போடும் ஒவ்வொரு மீட்டர் ஓவர்ஹெட் ஒயரும் கிராஸ்ரெயில் கணக்கில் ஏறும். ரெடிங்கோ நாடறிந்த நெரிசல் முடிச்சு; அங்கே நுழைந்தால் சிக்னல் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவும் இவர்கள் தலையில் விழும். அன்றைய நிலையில் மெய்டன்ஹெட் சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அதற்கும் மறைமுகச் செலவு உண்டு. அங்கே நிறுத்தினால் ட்வைஃபோர்ட், ரெடிங் மக்களுக்கான எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ரயிலை வேறு கம்பெனி ஓட்டியாக வேண்டும். அந்த ரயில் மெய்டன்ஹெட்டோடு நிற்குமா? லண்டன் வரை இதே தண்டவாளத்தில் வரும். ஒரே பாதையில் இரண்டு கம்பெனியின் மெது ரயில்கள், இரண்டும் பாதி காலியாக.

### ரெடிங்: மற்றவர் காசில் கிடைத்த நீட்டிப்பு

2009 ஜூலையில் அரசு கிரேட் வெஸ்டர்ன் பாதையை மின்மயமாக்கப் போவதாக அறிவித்தது. ரெடிங் ஸ்டேஷனையும் 80 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். 2014 ஜூலையில் ராணி எலிசபெத் திறந்துவைத்தார். அந்தத் திறப்புக்கு நாலு மாதம் முன்பு கிராஸ்ரெயில் ரெடிங் வரை வரும் என்ற அறிவிப்பு வந்தது தற்செயல் அல்ல. ஒயரும் சிக்னலும் பிளாட்ஃபார்மும் வேறொருவர் பட்ஜெட்டில் வந்துவிட்டன. கிராஸ்ரெயில் போட வேண்டியது ரேக்கும் ஆட்களும்தான். ஒருவழிக்குப் பதினைந்து நிமிடம், மணிக்கு நான்கு ரயில் என்று கணக்குப் போட்டால் கூடுதல் ரேக் இரண்டு.

ரெடிங்கிலிருந்து பேடிங்டனுக்கு வேக ரயிலில் இருபத்தைந்து நிமிடம். எலிசபெத் லைனில் ஐம்பது நிமிடத்துக்கு மேல். அவசரக்காரர் யாரும் இதில் ஏறப் போவதில்லை. பிறகு எதற்கு ரெடிங்? ஆக்ஸ்ஃபோர்டிலிருந்தும் பேசிங்ஸ்டோக்கிலிருந்தும் பிரிஸ்டலிலிருந்தும் வருபவர் ரெடிங்கில் இறங்கி ஸ்லவ், சவுத்ஹால், ஈலிங் போக. எதிர்த் திசையில், மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள் போன்ற அலுவலகங்கள் ரெடிங்கில் இருப்பதால் ஸ்லவ்விலும் மெய்டன்ஹெட்டிலும் இருப்பவர் காலையில் மேற்கே போக. அதாவது முனையிலிருந்து முனைக்குப் போகிறவருக்காக அல்ல, முனைக்கும் நடுவுக்கும் இடையில் போகிறவருக்காக. முடியும் இடம் ஜங்ஷனாக இருப்பதன் முழுப் பயனும் இதுதான்.

விலை, தண்டவாளத்தில். இந்த ரயில்கள் ஓடும் மெதுப் பாதையில்தான் சாமர்செட் கல் குவாரிகளிலிருந்து ஆக்டனுக்கு வரும் கனமான ஜல்லி ரயில்களும் ஓடுகின்றன. ஆக்டனில் மட்டும் அவற்றுக்குக் குறுக்கே வராமல் அடியில் போக ஒரு தாழ்பாதை கட்டினார்கள். மற்ற இடங்களில் பகிர்வுதான். 2023 டிசம்பர் 7 அன்று லாட்ப்ரோக் குரோவ் அருகே ஒயர் சேதமாகி, பயணிகள் நான்கு மணி நேரம் வரை இருட்டில் ரயிலுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். அது பேடிங்டனுக்கு வெளியே கொஞ்ச தூரத்தில்தான்; மெய்டன்ஹெட்டில் முடித்திருந்தாலும் நடந்திருக்கும். அதனால் ரெடிங்கைக் குற்றம் சொல்ல முடியாது, மேற்கே போனதன் விலை என்று சொல்லலாம். போகிற போக்கில் இன்னொன்று: இந்த ரயில்களில் கழிவறை இல்லை. ரெடிங்கிலிருந்து அபி வுட் ஒன்றரை மணி நேரத்துக்கு அருகில். நகர ரயிலாக வடிவமைத்ததை நீட்டிக்கொண்டே போனால் இப்படித்தான்.

## கிழக்கு முனை

### ஷென்ஃபீல்ட்

இதில் வாதிட அதிகம் இல்லை. லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து ஷென்ஃபீல்ட் வரை நான்கு தண்டவாளம். அதற்கு அப்பால் இரண்டு. மெது ரயிலுக்கென்று இரண்டு தண்டவாளம் எங்கே முடிகிறதோ அங்கே முடித்தார்கள். மேனர் பார்க், இல்ஃபோர்ட் பக்கம் திரளாக வாழும் நம்மவர்களுக்குப் பழைய ரயிலுக்குப் பதில் நகரத்துக்குள் நேராகப் போகும் ரயில் கிடைத்தது. இயற்கையே குறித்துக் கொடுத்த மாதிரி ஒரு முனை இருந்தால் அதை எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும்.

### அபி வுட்டா, எப்ஸ்ஃப்ளீட்டா?

முதல் திட்டத்தில் இந்தக் கிளை கென்ட் மாகாணத்தின் எப்ஸ்ஃப்ளீட் வரை இருந்தது. மசோதா வரும் முன் அபி வுட்டில் வெட்டினார்கள். பிற்காலத்தில் நீட்டுவதற்காக அதற்கு அப்பால் நிலத்தை மட்டும் சட்டப்படி ஒதுக்கி வைத்தார்கள்.

அபி வுட்டில் எலிசபெத் லைனுக்குத் தனியாக இரண்டு தண்டவாளம், தனியாக இரண்டு பிளாட்ஃபார்ம். பக்கத்தில் வடக்கு கென்ட் பாதை தன் போக்கில் ஓடுகிறது, மாறுபவர் மாறிக்கொள்கிறார். பேடிங்டனிலிருந்து 29 நிமிடம். பிரமாதமான ஊர் என்று சொல்ல முடியாது. ரயில் திரும்ப அருமையான இடம்.

எப்ஸ்ஃப்ளீட் தரப்பு வலுவாகவே பேசுகிறது. அங்கே 15,000 வீடு வரை கட்டும் புதிய நகரம் எழுந்துகொண்டிருக்கிறது. அதற்கென 2015-ல் தனி வளர்ச்சிக் கழகமே அமைத்தார்கள். வழியில் ப்ளூவாட்டர் மால். பெல்வெடியர், ஈரித், ஸ்லேட் கிரீன் ஆகியவை லண்டன் எல்லைக்குள்ளேயே இருந்தும் நல்ல ரயில் இல்லாத பகுதிகள். என்னை அசைக்கும் வாதம் இந்தக் கடைசி மூன்று ஊர்கள்தான். எப்ஸ்ஃப்ளீட் ஊரைச் சொன்னால் அசைய மாட்டேன், ஏனென்றால் அங்கிருந்து அதிவேக ரயிலில் லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷன் இருபது நிமிடத்துக்குள். ரெடிங்கில் பார்த்த அதே கதை. ஐரோப்பாவுக்குப் போகும் யூரோஸ்டார் ரயில் 2020-க்குப் பிறகு அங்கே நிற்பதில்லை என்பதால் "சர்வதேச இணைப்பு" என்ற பழைய வாதமும் இளைத்துவிட்டது.

தொழில்நுட்பத் தடை இரண்டு. எலிசபெத் லைன் ரயில் மேலே 25,000 வோல்ட் ஒயரில் ஓடுவது. வடக்கு கென்ட் பாதை தரையில் மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட். ஒன்று, ஒயர் கட்ட வேண்டும், அல்லது இரண்டிலும் ஓடும் ரேக் வேண்டும். அடுத்தது டார்ட்ஃபோர்ட். லண்டனிலிருந்து வரும் மூன்று பாதைகள் அந்த நான்கு பிளாட்ஃபார்ம் ஸ்டேஷனில் வந்து சேருகின்றன. அதைத் தாண்டாமல் எப்ஸ்ஃப்ளீட் போக முடியாது. ரேக்: ஒருவழிக்கு இருபது நிமிடம், மணிக்கு ஆறு ரயில் என்று வைத்துக்கொண்டால் கூடுதலாக நான்கு.

## ஒரே பார்வையில்

| முனை | கடைசிப் பகுதி சொந்தப் பாதையா | அங்கிருந்து வேறு வேக ரயில் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| பேடிங்டன் | ஆம் | பொருந்தாது | மேற்கிலிருந்து வருபவர் எல்லாரும் மாற வேண்டும் |
| ஹீத்ரோ | இல்லை, விமான நிலையத்துடையது | உண்டு | கட்டண வழக்கு, சிக்னல் |
| மெய்டன்ஹெட் | பகிர்வு | ஓரளவு | இரண்டு கம்பெனி ஒரே பாதையில் |
| ரெடிங் | பகிர்வு, சரக்கு ரயிலோடு | உண்டு, பாதி நேரத்தில் | தாமதம், நீண்ட பயணம் |
| ஷென்ஃபீல்ட் | பெரும்பாலும் ஆம் | உண்டு | குறைவு |
| அபி வுட் | ஆம் | இல்லை | அப்பால் உள்ளவர் மாற வேண்டும் |
| எப்ஸ்ஃப்ளீட் | பகிர்வு, இரு மின்முறை | உண்டு, மிக வேகம் | டார்ட்ஃபோர்ட் முடிச்சு, ரேக் |

## அட்டவணையில் வராத விஷயம்

ஒரு முனையைத் தனியாக எடைபோட முடியாது. ரயில் அங்கிருந்து எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ரெடிங்கிலிருந்து வரும் ரயில்கள் இன்றைய அட்டவணையில் அபி வுட் போகின்றன. ஷென்ஃபீல்ட் ரயில்கள் பெரும்பாலும் பேடிங்டனில் திரும்புகின்றன. சில மட்டும் ஹீத்ரோ போகின்றன. மேற்கே நீண்ட, பகிர்ந்த வாலுக்குக் கிழக்கே குட்டையான, சொந்த வால். ஜல்லி ரயிலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வந்த தாமதத்தை அபி வுட் விழுங்கிக்கொள்கிறது, ஏனென்றால் அங்கே வேறு யாரும் குறுக்கே வருவதில்லை.

அபி வுட்டை எப்ஸ்ஃப்ளீட் வரை நீட்டினால் அந்த ரயிலுக்கு இரண்டு பக்கமும் பகிர்ந்த பாதையாகிவிடும். மேற்கே சரக்கு ரயில், கிழக்கே டார்ட்ஃபோர்ட். இரண்டு வாலின் தாமதமும் நடுச் சுரங்கத்தில் சந்திக்கும். விலை கொடுப்பது ரெடிங்காரரும் அல்ல, எப்ஸ்ஃப்ளீட்காரரும் அல்ல. நடுச் சுரங்கத்தில் வைட்சாப்பல் ஸ்டேஷன் பிளாட்ஃபார்மில் நிற்பவர். ரெடிங்குக்கு நீட்டியதாலேயே எப்ஸ்ஃப்ளீட்டுக்கு நீட்டுவது கடினமாகிவிட்டது என்பது என் கணிப்பு.

## எந்த நிலைமைக்கு எது

மின்மயமாக்கலும் ஸ்டேஷன் புனரமைப்பும் வேறு பட்ஜெட்டில் நடந்துகொண்டிருந்தால் ஜங்ஷன் வரை நீட்டுங்கள். அவை உங்கள் கணக்கில் ஏறும் என்றால் முன்னாலேயே நில்லுங்கள், ஆனால் அப்பால் உள்ள நிலத்தை அன்றைக்கே ஒதுக்கி வையுங்கள். நிலம் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி: பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு 2007-ல் வந்துவிட்டது; அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்தே கிலோமீட்டர், அதில் சுமார் 500 மீட்டர் நிலத் தகராறு பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. விமான நிலையம் முனையாக வேண்டும் என்றால், கடைசி கிலோமீட்டர்களின் கட்டண ஒப்பந்தத்தைக் கட்டுமானம் தொடங்கும் முன் கையெழுத்தாக வாங்குங்கள்.

எப்ஸ்ஃப்ளீட் விஷயத்தில் என் ஓட்டு இப்போதைக்கு அபி வுட்டுக்குத்தான். ஈரித், ஸ்லேட் கிரீன் மக்களுக்கு இன்றே செய்யக்கூடியது, வடக்கு கென்ட் ரயில்களை அடிக்கடி ஓட்டி, அபி வுட்டில் மாறும் நேரத்தைச் சுருக்குவது. டார்ட்ஃபோர்டோடு நிறுத்தி, அங்கிருந்து ப்ளூவாட்டருக்கும் எப்ஸ்ஃப்ளீட்டுக்கும் விரைவுப் பேருந்து விடலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. எப்ஸ்ஃப்ளீட் வரை ரயிலை இழுப்பதைவிட அது புத்திசாலித்தனம். அபி வுட்டிலிருந்து டார்ட்ஃபோர்ட் வரை தனி இரட்டைத் தண்டவாளத்துக்கு யாராவது பணம் தருவார்கள் என்றால் நானும் கட்சி மாறிவிடுவேன். இரு பக்கமும் வீடுகள் நெருங்கி நிற்கும் அந்தப் பகுதியில் அதற்கு யார் செக் எழுதப் போகிறார்கள், லண்டனா கென்ட்டா, என்பதுதான் இன்னும் தீராத கேள்வி.